உயரம் கண்டு நடுங்குவது கோழைத்தனமா?

சிக்கந்தராபாத்திலிருந்து அல்வால் செல்லும் சாலையில் உள்ள லோத்குண்டாவில், பிழைப்பைத் தேடி வந்த தமிழர்கள் பலர் குடியிருக்கின்றனர். கட்டட வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் செல்வோர் இவர்களில் உண்டு. ஐதராபாத்தில் மாடிகள் பெருகப் பெருக, இவர்கள் ஏற வேண்டிய சாரமும் உயர்ந்துகொண்டே போகிறது.

இரண்டாம் மாடி வரை தயங்காமல் ஏறுகிறவருக்கும் ஐந்தாம் மாடியில் கால் நடுங்கலாம், உள்ளங்கை வியர்க்கலாம். ஆடாத பலகையும் ஆடுவதுபோல் தோன்றும். ஆனால் மேஸ்திரியிடம் அவர் வாய் திறப்பதில்லை. திறந்தால் மறுநாள் கூலி போய்விடும். கேலி மட்டும் மிஞ்சும். குமாஸ்தாக்களிலும் இத்தகையோர் உண்டு. ரயில் நிலையத்தில் நடைமேம்பாலத்தை விட்டுத் தண்டவாளத்தைக் கடப்பவர்கள் எல்லோருமே அவசரக்காரர்கள் அல்லர்.

தலைசுற்றல் உள்ளவரை விபத்துக்கு இடமுள்ள வேலையில் ஈடுபடுத்தலாகாது என்று 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் எழுதினார்கள். நல்ல விதிதான். ஆனால் "மேலே ஏறாதே" என்று தடுத்தால் மட்டும் போதுமா? அச்சத்தைப் போக்க வழி காட்ட வேண்டாமா?

வழி இருக்கிறது. அஞ்சுகிற பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு மனத்தைப் பழக்குவதே அது. இதற்கு முன்பெல்லாம் உண்மையான மாடிக்கே போக வேண்டியிருந்தது. 'விர்ச்சுவல் ரியாலிட்டி' கருவியைக் கண்ணில் மாட்டிக்கொண்டால், அறையில் இருந்தபடியே மாடி மாடியாக ஏறிப் பார்க்கலாம். 1995-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பலன் கண்டார்கள். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் டேனியல் ஃப்ரீமன் குழுவினர் 100 பேரிடம் ஆய்வு நடத்தினர். அவர்களில் 49 பேருக்கு இந்தச் சிகிச்சை. இரண்டு வாரங்களில் சராசரியாக 2 மணி நேரம்தான். அச்சம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. 2019-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் செல்போனையும் ஒரு மலிவான அட்டைக் கருவியையும் கொண்டே பலன் காட்டினர். எனவே இது பணக்கார நாட்டு வைத்தியம் என்று ஒதுக்குவதற்கில்லை.

இவை சாரத்தில் நிற்பவர்களுக்கென்று நடந்த ஆய்வுகள் அல்ல என்பதும் உண்மை. தலைசுற்றலுக்குக் காதுக் கோளாறோ ரத்த அழுத்தமோ காரணமாக இருக்கலாம். முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். அச்சம் தெளிந்துவிட்டது என்று பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றுவதும் கூடாது. ஓரளவு அச்சம் உயிருக்குக் காவல். அதைக் காரணம் காட்டி, கயிறும் பெல்ட்டும் தர வேண்டிய முதலாளி கை கழுவவும் கூடாது.

கட்டடச் செலவில் செஸ் வசூலித்து நடைபெறும் தொழிலாளர் நல வாரியமும், இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளும் இந்தச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யலாகாதா? தமிழில் பேசி விளக்க ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. அதுவரை, 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

அச்சத்தை வெளியே சொல்பவன் கோழையல்ல. அதை மறைத்துக்கொண்டு சாரம் ஏறும்படி அவனை நிர்ப்பந்திக்கும் நிலையே வெட்கத்துக்குரியது.