பக்கத்து ஊரோடு ஒரு போலீஸ்

நம்மூரில் நகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் பெரிய ஒட்டுறவு இல்லை. குப்பை, தெருவிளக்கு, குடிநீர் நகராட்சி பாடு. போலீஸ் மாநில அரசின் கையில். ஆகவே, இரண்டு சிறு நகரங்கள் போலீசைப் பங்கு போட்டுக்கொள்ளப் பேச்சு நடத்துகின்றன என்று அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தால் நமக்குச் சட்டென்று விளங்குவதில்லை. அங்கே பெரும்பாலான நகரங்கள் சொந்தமாகப் போலீஸ் வைத்திருக்கின்றன. தலைமை அதிகாரியை அமர்த்துவது, சம்பளம் கொடுப்பது, ஓய்வூதியக் கடனைச் சுமப்பது எல்லாம் அந்தந்த நகரம்தான். நாடு முழுக்க இப்படி ஏறக்குறைய 12,000 உள்ளூர்ப் போலீஸ் துறைகள். அவற்றில் பாதியளவில் முழுநேர அதிகாரிகள் 10 பேர்கூடத் தேறமாட்டார்கள்.

10 பேர் போதாதா என்று தோன்றும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் பார்ப்பது 40 மணி நேர வேலை. ரோந்து வண்டி ஒன்றில் இரவும் பகலும் ஒரே ஓர் ஆள் இருக்கவேண்டும் என்றாலே நாலு பேருக்கு மேல் வேண்டும். விடுப்பு, பயிற்சி, கோர்ட் சாட்சி ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்து. அடிதடி நடக்கும் வீட்டுக்குத் தனியாளாகப் போகக் கூடாது, எப்போதும் இரண்டு பேர் பணியில் இருக்கட்டும் என்றால் அதிலேயே 10 பேரும் தீர்ந்துபோகிறார்கள். தலைமை அதிகாரி, துப்பறிவாளர், 911 என்ற அவசர அழைப்பை எடுப்பவர், சாட்சியப் பொருட்களைக் காப்பவர் எல்லாம் இதற்கு மேல். நாலு மைல் தள்ளி இருக்கும் பக்கத்து ஊரும் இதே பட்டியலுக்குத் தனியாகப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும். அங்கிருந்துதான் பேச்சு தொடங்குகிறது.

சேர்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் ஓர் ஊர் போலீஸ் நடத்தும், மற்ற ஊர் காசு கொடுத்து அந்தச் சேவையை வாங்கும். கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போல) பிரேயா நகரப் போலீஸ்தான் 1970 முதல் பக்கத்து யோர்பா லிண்டாவையும் காத்துவந்தது. இதில் ஒரு வேடிக்கை: 2010 கணக்கெடுப்பில் பிரேயாவில் 39,000 பேர், வாங்கும் ஊரான யோர்பா லிண்டாவில் 64,000 பேர். சின்ன ஊர் பெரிய ஊருக்குக் காவல்! ஆனால் அந்தப் போலீசாரின் சம்பளத்தை முடிவு செய்தது பிரேயாவின் நகர மன்றம். அங்கே யோர்பா லிண்டாவுக்கு ஓட்டு இருக்கவில்லை. 2012-ல், செலவு குறையும் என்ற வாதத்தோடு, யோர்பா லிண்டா, கவுண்டி அளவிலான போலீசான ஷெரிஃப் துறையிடம் போக முடிவெடுத்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஷெரிஃப் பொறுப்பேற்றார். இரண்டு ஊருக்கென்று வளர்ந்திருந்த துறை, பிரேயாவின் தலையில் நின்றது.

இரண்டாவது வழி கூட்டு அமைப்பு. அதே மாநிலத்தின் மரின் கவுண்டியில் லார்க்ஸ்பர், கோர்ட்டே மடேரா இரண்டும் 1980-ல் பொதுவான போலீஸ் அமைப்பு ஒன்றை உண்டாக்கின. 2013-ல் சான் ஆன்செல்மோவும் சேர, மூன்று ஊர்களின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து நடத்தும் அமைப்பாக அது வளர்ந்தது. இங்கே யாரும் வாடிக்கையாளர் இல்லை, எல்லோருமே பங்காளிகள். முடிவெடுக்க நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனாலும் காசு கொடுப்பவருக்குப் பேச்சுரிமை இருக்கவேண்டும் என்று நினைப்பவன் என்ற முறையில் எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

எந்த வழியானாலும் பேச்சு இழுபறியாவது செலவுப் பங்கீட்டில். கூட்டுக் கிணற்றில் தண்ணீர் முறையை வகுப்பது சுலபம். மோட்டார் ரிப்பேருக்கு யார் எவ்வளவு என்பதில்தான் பங்காளிகள் முறைத்துக்கொள்வார்கள். மக்கள் தொகைப்படி பிரிக்கலாம் என்றால், ஆள் குறைவு ஆனால் பெரிய வணிக வளாகம் உள்ள ஊருக்குக் கொண்டாட்டம்: திருட்டுப் புகார் அங்கே குவியும், பில் பக்கத்து ஊருக்கும் போகும். வந்த அழைப்புகளின் எண்ணிக்கைப்படி என்றால், ஒரு மோசமான வருஷம் சின்ன ஊரின் பட்ஜெட்டைக் கவிழ்த்துவிடும். பென்சில்வேனியாவில் 1972-ல் தொடங்கிய வடக்கு யார்க் கவுண்டி வட்டாரப் போலீசில் ஒவ்வொரு ஊரும் தனக்கு வேண்டிய சேவை நேரத்தை அலகுகளாக வாங்கிக்கொள்கிறது. குறைய வாங்கிவிட்டு நிறைய எதிர்பார்க்கும் ஊரை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதும் மிஞ்சும்.

சேமிப்பு பற்றிய கணக்கையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். போலீஸ் பட்ஜெட்டில் பெரும்பகுதி சம்பளமும் சலுகைகளும். இரண்டு தலைமை அதிகாரிகள் ஒருவராவது, இரண்டு அழைப்பு மையங்கள் ஒன்றாவது உண்மையான சேமிப்பு. ரோந்துக்காரர்களைக் குறைத்தால் வண்டி வந்து சேரும் நேரம் கூடும். அதோடு, இரண்டு ஊர்களின் சம்பள விகிதம் வேறாக இருந்தால், தொழிற்சங்கத்துடனான பேச்சில் அது உயர்ந்த பக்கம்தான் சாயும். பழைய ஓய்வூதியக் கடன் சேர்ந்த மறுநாள் மறைந்துவிடாது. அது யாருடையது என்று எழுதிவைக்காமல் கையெழுத்துப் போடுவது வம்பு.

கடைசியில் பேசவேண்டியது என்று எல்லோரும் தள்ளிப்போடும் பிரிவு நிபந்தனையை, என்னைக் கேட்டால், முதலில் பேசவேண்டும். எத்தனை மாத முன்னறிவிப்பு, வண்டிகளும் ரேடியோக்களும் யாருக்கு, ஆட்குறைப்பு இழப்பீடு யார் பொறுப்பு? காம்ப்டன் நகரம் 2000-ல் தன் போலீசைக் கலைத்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஷெரிஃபிடம் ஒப்பந்தம் செய்தது; இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கலைத்த துறையை மறுபடி கட்ட ஆளும் கட்டடமும் கருவியும் புதிதாக வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாத ஊர், அடுத்த முறை ஒப்பந்த விலை ஏறும்போது எதிர்ப்பேச்சுப் பேச வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும்.