சச்சி இளகவில்லை

கொரே-எடா 2015இல் எடுத்த 'அவர் லிட்டில் சிஸ்டர்' படத்தைப் பார்த்தவர்கள் மூத்தவள் சச்சியை ஒரே மாதிரிதான் பாராட்டுகிறார்கள்: இறுக்கமாக இருந்தவள் கடைசியில் இளகிவிட்டாளாம். எனக்கு அந்தச் சொல்லோடு சண்டை.

அப்பா வேறொரு பெண்ணோடு போனார். அம்மாவும் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுப் போனாள். பாட்டியும் இறந்தபின் கமகுராவில் அந்தப் பழைய வீடு, இரண்டு தங்கைகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை எல்லாம் சச்சியின் தலையில். அளந்து பேசுகிறாள் என்று குறை சொல்கிறோம். அளக்காமல் அந்த வீட்டை எப்படி நடத்தியிருப்பாள்?

அப்பாவின் சாவு வீட்டில், அந்த இன்னொரு பெண்ணின் மகள் சுசு நிற்கிறாள். அவளுடைய அம்மாவும் உயிரோடு இல்லை. அப்பாவின் மூன்றாவது மனைவி, வந்தவர்களிடம் நன்றி சொல்லிப் பேசும் பொறுப்பை அந்தப் பள்ளிச் சிறுமியின்மேல் தள்ளப் பார்க்கிறாள். சச்சி குறுக்கிடுகிறாள்: அது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. குரலில் துளி கனிவு இல்லை. பெரியவர்களின் சுமையைச் சின்ன வயதில் சுமந்தவளுக்குத்தான் அப்படிக் கோபம் வரும். ரயில் கிளம்பும் நேரத்தில் எங்களோடு வந்து இரு என்று சுசுவைக் கூப்பிடுவதும் அதே கோபம்தான். ஆக, அவளிடம் கருணை படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. நமக்குத்தான் சிரித்த முகத்தோடு வந்தால் மட்டும் அது கருணை.

மனைவி இருக்கும் டாக்டரைச் சச்சியும் காதலிக்கிறாள். அது தெரியாமல் சுசு, குடும்பம் உள்ளவரை விரும்பியது தன் அம்மாவின் தப்பு என்கிறாள். யார் மேலும் தப்பில்லை என்கிறாள் சச்சி. குழந்தையின் குற்றவுணர்வைப் போக்க அதைச் சொல்லலாம். ஆனால் அந்த 'யார்'க்குள் அப்பாவும் நுழைந்து தப்பித்துக்கொள்கிறார். கடைசியில் கடற்கரையில் மகள்களே அவரை அன்பானவர் என்று முடிவு செய்கிறார்கள். ஓடிப்போனவருக்கு இவ்வளவு மலிவாக ஒரு நற்சான்றிதழ்! தங்கையை ஏற்றுக்கொள்வது வேறு, தகப்பனை விடுவிப்பது வேறு. சுசுவுக்குச் சோறு போட அவருக்கு மன்னிப்பு எதற்கு?

எனக்கு வேண்டிய சச்சி மலைமேல் நிற்கிறாள். அப்பாவோடு முன்பு வந்த இடத்தில் நின்று, அவரை முட்டாள் என்று கத்துகிறாள். பக்கத்தில் சுசு தன் அம்மாவை அதே சொல்லால் கத்தி அழுகிறாள். அக்கா அவளை அடக்கவில்லை, அணைத்துக்கொள்கிறாள்.