அவர்கள் ஓட்டு நமக்கு மனப்பாடமா?

சிங்கப்பூர் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமைக் காலை. கோப்பி-ஓவை ஊதிக் குடித்தபடி அண்ணன் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்: "என்னதான் இருந்தாலும் தம்பி, சீனர் ஓட்டு சீனருக்குத்தான். நம்ம ஆளு தனியா நின்னா டெபாசிட் போயிடும்."

மேசையில் யாரும் மறுக்கவில்லை. பல வருடம் நானும் தலையாட்டியவன்தான். இனி ஆட்டுவதாக இல்லை.

அந்த மேசையிலிருந்து எழுந்து நடந்தே போய்விடலாம், அன்றைய ஆன்சன் தொகுதிக்கு. 1981 அக்டோபர் 31 இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம், மக்கள் செயல் கட்சியின் பாங் கிம் ஹின்னை 653 ஓட்டில் வென்றார். வென்றவர் இலங்கையில் பிறந்த தமிழர், தோற்றவர் சீனர், வாக்காளர்களில் பெரும்பாலோரும் சீனர்கள். பிளேர் பிளேன் துறைமுக ஊழியர் குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டிய கவலை அப்போது அங்கே புகைந்துகொண்டிருந்தது. கூரை போய்விடுமோ என்று தவிப்பவன், தனக்காகப் பேச வந்தவனின் தோலையா பார்ப்பான்? 1984 பொதுத்தேர்தலிலும் ஆன்சன் அவரையே அனுப்பியது, முன்னைவிடக் கூடுதல் வித்தியாசத்தில்.

"அதெல்லாம் பழங்கதை" என்பார்கள். சரி, 2016-க்கு வருவோம். புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் சீ சூன் ஜுவானோடு நேருக்கு நேர் மோதிய, ஆளும் மக்கள் செயல் கட்சியின் முரளி பிள்ளை 61 விழுக்காடு வாங்கினார். "ஆளுங்கட்சி முத்திரை அப்பா அது" என்பார்கள். அப்படியே இருக்கட்டும். முத்திரை இனத்தை ஜெயித்துவிட்டது என்றுதானே அதற்கு அர்த்தம்?

முத்திரையே இல்லாத போட்டியும் நடந்தது. 2023 அதிபர் தேர்தலில் கட்சிச் சின்னத்துக்கு இடமில்லை. தர்மன் சண்முகரத்னத்துக்கு 70.4 விழுக்காடு, எதிர்த்து நின்ற சீனர் இருவரும் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அவர் எடுத்த சின்னம் அன்னாசி. ஹொக்கியனில் அது ‘ஓங் லாய்’. செழிப்பு வருகிறது என்று காதில் விழும். தமிழர் ஒருவரின் சின்னம் ஹொக்கியன் பேசியது, ஊரும் கேட்டது.

பாகுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வாடகைக்கு அறை தேடிய நம்மவரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் இல்லாமல் போய்விடக் கூடாது என்றுதான் 1988-ல் குழுத்தொகுதி முறை வந்தது. காப்புறுதி எடுப்பது புத்திசாலித்தனம். காப்புறுதிப் பத்திரத்தை நீட்டி, "பார், வீடு எரிந்துவிட்டது" என்று அழுவது புத்திசாலித்தனம் இல்லை. அந்த அழுகையைக் கேட்டு வளரும் நம் பிள்ளை, தனியாக நின்று பார்க்கலாமே என்று நினைக்கவே மாட்டான்.

அண்ணனிடம் கேட்டேன்: "யாருக்குப் போட்டீங்கன்னு சொல்ல வேணாம். இனம் பார்த்தா போட்டீங்க?"

"சேச்சே! யாரு வேலை செய்வான்னு பார்த்துத்தான்."

அவர் ஓட்டுக்கு மூளை உண்டு. அடுத்தவர் ஓட்டுக்கு மட்டும் இனம். சீனரைக் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு நாம் செய்வதும் இனப்பாகுபாடுதான்.

பக்கத்து மேசையில் நான்கு பெரியவர்கள் கான்டனீஸில் உரக்க வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியவில்லை. அவர்கள் ஓட்டு மட்டும் எங்களுக்கு மனப்பாடம்.