ஏட்டிலே ஆயிரம், கையிலே பூஜ்யம்!



செல்வச் சீமை என்று உலகம் புகழும் அமெரிக்காவிலே, முதுமையிலும் உழைப்பவன் சேமிக்க வேண்டும் என்கிறது சட்டம். சேமித்தால் வரியிலே சலுகை உண்டு என்றும் சொல்கிறது. சொல் இனிக்கிறது! அந்தச் சலுகை யார் வீட்டு வாசலை மிதிக்கிறது, யார் வீட்டைத் தாண்டிச் செல்கிறது என்று கணக்குப் போட்டால்தான் சூட்சுமம் விளங்கும்.

1935ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம், முதியோருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் கிடைக்க வழி செய்தது. அது மட்டும் போதாது, அவரவரும் சேமிக்கட்டும் என்று 1974ல் வேறொரு சட்டம் வந்தது. ‘ஐ.ஆர்.ஏ.’ எனும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு அப்போது பிறந்தது. 2025ஆம் ஆண்டுக்கு அதிலே 7,000 டாலர் வரை போடலாம். 50 வயதை எட்டியவர் 8,000 வரை போடலாம்.

யார் போடலாம்? அந்த ஆண்டிலே உழைத்துச் சம்பாதித்தவர் போடலாம். ஓய்வூதியமும் வட்டியும் வாடகையும் உழைத்த பணமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே, வேலையை விட்டு ஓய்வூதியத்திலே காலம் தள்ளும் முதியவருக்குக் கதவடைப்பு! வாழ்க்கைத் துணை வேலைக்குப் போய், இருவரும் சேர்ந்து வரிக்கணக்குக் கொடுத்தால் மட்டுமே விலக்கு. இன்னொரு தடையும் இருந்தது. எழுபதரை வயதை எட்டினால், உழைத்தாலுங்கூட வழக்கமான ஐ.ஆர்.ஏ. கணக்கிலே பணம் போடக்கூடாது என்றிருந்தனர். 2019 டிசம்பரில் வந்த சட்டம் அந்தத் தடையைத் தகர்த்தது. 2020 முதல் வயது வரம்பு இல்லை. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை.

ஆனால், கதவைத் திறந்தவர்கள் உள்ளே பரிமாறிய விருந்தைப் பாருங்கள்!

குறைந்த வருமானக்காரர் ஓய்வுக்காலத்துக்குச் சேமித்தால் வரித் தள்ளுபடி என்று 2001ல் சட்டம் செய்து, 2002 முதல் நடத்தி வந்தனர். 2,000 டாலர் வரை போடும் தொகையிலே, வருமானத்துக்கேற்பப் பாதியோ, ஐந்திலொன்றோ, பத்திலொன்றோ வரியிலே கழித்துக்கொள்ளலாம். ஏழைக்கு அதிகம், ஏறஏறக் குறைவு. எவ்வளவு அழகான ஏணி! தனியாக வாழ்பவருக்கு 2025ல் வருமானம் 23,750 டாலருக்கு மேற்படாவிட்டால் பாதித் தள்ளுபடி, அதாவது 1,000 டாலர் வரை.

67 வயது முதியவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். துணையில்லை. கடையொன்றிலே நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறார். ஆண்டுச் சம்பளம் 20,000 டாலர், வேறு வருமானமில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 2,000 டாலரைக் கணக்கிலே போடுகிறார். ஆயிரம் வருமா?

வராது! கட்டவேண்டிய வருமான வரியிலேதான் தள்ளுபடியைக் கழிப்பார்கள். வரி இல்லையென்றால் கையிலே எதுவும் தரமாட்டார்கள். 2025ல் தனியாளின் வருமானத்திலே வரியில்லாமல் விடப்படும் தொகை 15,750. வயது 65 ஆகிவிட்டால் மேலும் 2,000. அந்த ஆண்டு வந்த சட்டம் 2028 வரை முதியோருக்கென்று தந்த தனிக் கழிவு 6,000. கூட்டுங்கள்: 23,750! பாதித் தள்ளுபடியின் எல்லை என்ன? அதுவும் 23,750!

தனித்து வாழும் முதியவர்களிலே யாருக்கு ஆயிரம் என்று அறிவித்தார்களோ, அவருக்கு வருமான வரியே இல்லை. ஆகவே ஆயிரமும் இல்லை! அடுத்த படி, 25,500 வரை ஐந்திலொன்று, அதாவது 400 டாலர். அந்த உச்சியிலே நிற்பவருக்கு வரியே சுமார் 175 தான். நானூறு நூற்றெழுபத்தைந்தாகச் சுருங்குகிறது!

65 வயதானோருக்கென்றே இன்னொரு தள்ளுபடியும் ஏட்டிலே இருக்கிறது. தனியாளுக்கு அதன் வருமான எல்லை 17,500 டாலர். 1983ல் செய்த திருத்தத்திலே பிறந்த எல்லை அது. விலைவாசி ஏறியது, கூலி ஏறியது, அந்த எண் மட்டும் நட்ட கல்லாக நிற்கிறது. முன்சொன்ன 15,750ம் 2,000ம் சேர்ந்தாலே 17,750. எல்லைக்குள் இருப்பவருக்கு வரியில்லை. வரி இருப்பவர் எல்லைக்குள் இல்லை! ஊர் இல்லாத சாலைக்கு வழிகாட்டிக் கல் எதற்கு?

“வரி கட்டாதவனுக்குத் தள்ளுபடி ஏன்?” என்று கேட்பார்கள். கட்டாதவனா அவன்? சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்குமாக முதல் டாலரிலிருந்தே நூற்றுக்கு 7.65 அவன் சம்பளத்திலே பிடிக்கப்படுகிறது. 20,000க்கு 1,530 டாலர்! அந்தப் பிடித்தத்தை இந்தத் தள்ளுபடி தொடுவதேயில்லை. மறுபக்கம், நூற்றுக்கு 37 வரி கட்டும் பெரிய சம்பளக்காரர், வேலையிடத்து ஓய்வுக்காலக் கணக்கிலே நூறு டாலர் போட்டால், அந்த ஆண்டு வரியிலே 37 டாலர் மிச்சம். இருப்பவன் சேமித்தால் மிச்சம். இல்லாதவன் சேமித்தால் மிஞ்சுவது ஏமாற்றம்!

வழி இல்லாமலில்லை. 2022ல் நிறைவேறிய சட்டம், 2027 வரியாண்டு முதல் இந்தத் தள்ளுபடிக்குப் பதிலாக, சேமிப்பவரின் கணக்கிலே 1,000 டாலர் வரை அரசே நேராகப் போடவேண்டும் என்கிறது. வரி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நாம் எண்ணிய முதியவருக்கு அதுவே நேர்மையான பாதை. ஆனால் உழைக்கவே முடியாமல் ஓய்ந்தவருக்கு அதுவும் இல்லை. அவருக்கு வேண்டியது வயிறு நிறைக்கும் ஓய்வூதியம்.

ஆகவே தோழர்களே, எந்த நாட்டு அரசானாலும் “வரிச் சலுகை” என்று முரசு கொட்டும்போது, கைதட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: வரி கட்டுமளவுக்கு வருமானமே இல்லாத உழைப்பாளியின் கையிலே எத்தனை காசு விழும்? அதற்கு விடை சொல்லாத சலுகை, ஏட்டுச் சுரைக்காய். அது கறிக்கு உதவாது!