கல்லின் விலையும் கையின் விலையும்

சீனத்து ஜேட் கல்லைப் பற்றி நம்மிடையே பேசுகிறவர்கள் முதலில் சொல்லுவது அதன் விலையை; அடுத்தபடி எடையை; அப்புறம் அது எந்தச் சக்கரவர்த்தியிடம் இருந்தது என்பதை. செய்தவன் யார் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். இதற்கு ரசனை என்று பெயராம்! அடகுக்கடைக்காரருக்கும் இந்த ரசனை உண்டே!

ஜேட்டைச் 'செதுக்கினார்கள்' என்று எழுதுகிறார்கள். அதுவே பிசகு. எஃகுக் கத்தி அதில் ஏறாது. ஈர மணலை இட்டு, காலால் மிதித்துச் சுழற்றும் சக்கரத்தில் மாதக் கணக்காகத் தேய்த்துத்தான் உருவம் காணவேண்டும். ஒரு நூல் அதிகம் தேய்ந்துவிட்டால் திருப்பி ஒட்ட வழியில்லை.

பெய்ஜிங் அரண்மனை மியூஸியத்தில் ஒரு ஜேட் மலை இருக்கிறது. உயரம் 224 சென்டிமீட்டர். எடை 5 டன்னுக்கு மேல். யூ என்ற பழங்கால மன்னன் வெள்ளத்தை அடக்கிய கதை அதில் உருவாகியிருக்கிறது. யாங்ஜோ நகரத்துத் தொழிலாளிகள் சுமார் 6 வருஷம் உழைத்தார்கள். 1787-இல் அது தலைநகர் திரும்பியது. சியென்லுங் சக்கரவர்த்தியின் கவிதையும் முத்திரையும் அதன்மேல் ஏறின. தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்துப் போனவர்களின் பெயர்கள் ஏறவில்லை.

"கல் உயர்ந்த ஜாதியாக இருந்தால்தானே வேலையும் உயரும்?" என்பார்கள். தைபே நகரத்து அரண்மனை மியூஸியத்தில் இருக்கும் முட்டைக்கோஸைப் பார்க்கட்டும். உயரம் 18.7 சென்டிமீட்டர்தான். பாதி வெள்ளை, பாதி பச்சை. விரிசல், கறை வேறு. வளையலுக்கோ பதக்கத்துக்கோ ஆகாத கல். அதைக் கையில் எடுத்தவன் வெள்ளையில் தண்டைக் கண்டான். பச்சையில் இலையைக் கண்டான். விரிசலை இலை நரம்புகளுக்குள் ஒளித்தான். நுனியில் இரண்டு பூச்சிகளையும் உட்கார வைத்தான். இன்று உலகமே அதைப் பார்க்கப் போகிறது. அவன் பெயர் யாருக்கும் தெரியாது.

பெயர் பொறித்துக்கொண்டவனும் ஒருவன் உண்டு. மிங் வம்சத்துக் காலத்தில் சூஜோ நகரில் இருந்த லூ ஸீகாங். பிற்கால வியாபாரிகள் என்ன செய்தார்கள்? கண்ட கண்ட கல்லிலெல்லாம் அவன் பெயரைப் பொறித்து விற்றார்கள்! பெயரையும் விலையாக்கத் தெரிந்தவர்கள்.

ஹான் பெய் என்ற அறிஞர் எழுதி வைத்த கதை ஒன்று: ப்யன் ஹோ என்பவன் மலையில் கிடைத்த கரட்டுக் கல்லை அரசனிடம் கொண்டுபோனான். நிபுணர்கள் வெறுங்கல் என்றார்கள். இடது கால் போயிற்று. அடுத்த அரசனிடம் போனான். வலது காலும் போயிற்று. மூன்றாவது அரசன்தான் கல்லைத் தேய்க்கச் சொன்னான். உள்ளே உயர்ந்த ஜேட் இருந்தது. கண்டெடுத்தவன் பெயராலேயே அந்தக் கல் பிரசித்தமாயிற்று. அதற்கு இரண்டு கால்கள் விலை. ஆனால், தேய்த்து அதை வெளிக்கொணர்ந்தவன்? கதையிலும் அவனுக்குப் பெயர் இல்லை.

போன பெயர்களை இனித் தேடி எடுக்க முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். கல்லின்முன் நிற்கும்போது, 'என்ன விலை?' என்று கேட்காமல், 'இந்தக் குறையை அவன் என்ன செய்தான்?' என்று கேட்கலாம். அந்தக் கேள்வி எழாதவர்கள் கல்லை ரசித்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம், தராசே போதும்.