அளவுகோலை முறித்தபின் அளப்பது எதைக் கொண்டு?

"பெருமொழி மாதிரிகள் வந்துவிட்டன, இனி இலக்கண விதிகளுக்கு வேலையில்லை" என்னும் கூற்று, கருத்தரங்க மேடைகளில் வாதமாக அன்றி முடிந்த முடிபாகவே முன்வைக்கப்படுகிறது. உருபனியலும் தொடரியலும் பயிலும் மாணவர், காலாவதியான சரக்கைச் சுமப்பவராகப் பார்க்கப்படுகிறார். இக்கூற்று புனே நகரில் ஒலிக்கும்போது, அதனுடன் ஒரு மறதியும் சேர்ந்துகொள்கிறது.

அரவிந்த் ஜோஷி 1929இல் புனேயில் பிறந்தவர். அங்கேயே பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். லெவி, தகஹாஷி ஆகியோருடன் அவர் 1975இல் முன்வைத்த மர இணைப்பு இலக்கணம், சிறு மரங்களை ஒன்றினுள் ஒன்று செருகி வாக்கியத்தை வளர்க்கும் முறையாகும். புனேயின் சி-டாக் நிறுவனம், ஆங்கில நிர்வாக ஆவணங்களை இந்திக்குப் பெயர்க்க உருவாக்கிய 'மந்த்ரா' அவ்விலக்கணத்தின் மீதே எழுப்பப்பட்டது. அத்தகைய விதிவழி மொழிபெயர்ப்பிகளை நரம்பியல் வலைப்பின்னல்கள் பின்தள்ளிவிட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஜோஷி எழுப்பிய கேள்வி பின்தள்ளப்படவில்லை. மனித மொழியின் அமைப்பைக் கையாள எவ்வளவு கணிப்புத் திறன் வேண்டும், எவ்வளவு போதும் என்பதே அக்கேள்வி. ட்ரான்ஸ்ஃபார்மர் எவ்வகை உள்ளமைவுத் தொடர்களைக் கையாளும், எங்கே தடுமாறும் என்று இன்று ஆராய்வோரும் சாம்ஸ்கி வகுத்த இலக்கணப் படிநிலையையே கையில் எடுக்கின்றனர்.

விதிக்கு இரண்டு பணிகள் உண்டு. ஒன்று, எந்திரமாக இயங்குவது. மற்றொன்று, அளவுகோலாக நிற்பது. முதற்பணியில் அது தோற்றதைக் காட்டி இரண்டாவதிலிருந்தும் அதை நீக்குவது, தராசு சுமை தூக்கவில்லை என்று தராசை எறிவதற்கு ஒப்பாகும்.

ஒரு மொழித்தொடரைப் புரிந்துகொள்பவர் அதே அமைப்பிலுள்ள பிற தொடர்களையும் புரிந்துகொள்வார். வலைப்பின்னல்களுக்கு இந்த ஒழுங்கு இயல்பாக வாய்ப்பதில்லை என்று ஃபோடரும் பிலிஷினும் 1988இல் வாதிட்டனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2018இல், பிரெண்டன் லேக், மார்கோ பரோனி ஆகிய இருவரும் இதைச் சோதனையாக்கினர். 'நட', 'இருமுறை நட' போன்ற ஆங்கில ஏவல் தொடர்களைப் பயிற்றுவித்து, 'குதி' என்பதைத் தனித்து மட்டும் கற்பித்தபின், 'இருமுறை குதி' போன்ற தொடர்களைக் கொடுத்தனர். தற்செயலாகப் பிரித்தெடுத்த தொடர்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் சரியாக விடையளித்த வலைப்பின்னல், இச்சோதனையில் ஏறத்தாழ 1 விழுக்காடே தேறியது. அதே இருவர் 2023இல் பயிற்சி முறையை மாற்றி, ஒரு வலைப்பின்னலுக்கு அவ்வொழுங்கைப் பெருமளவு கற்பித்தும் காட்டினர். குறை எங்கே என்று அளந்தவர்களே அதைக் களையும் வழியையும் கண்டனர். விதி வலைப்பின்னலுக்குப் பகையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கணிதத்தில் இவ்வுறவு இன்னும் தெளிவு. 2024இல் வெளிவந்த ஆல்ஃபாஜியோமெட்ரி, ஒலிம்பியாட் தரத்திலான 30 வடிவியல் கணக்குகளில் 25ஐத் தீர்த்தது. அதில் துணைக்கோடுகளையும் புள்ளிகளையும் பரிந்துரைப்பது மொழி மாதிரி. ஒவ்வொரு படியையும் விதிப்படி வருவிப்பது குறியீட்டு எந்திரம். "2025இல் கூகுள் டீப்மைண்டின் மாதிரி, இயல்மொழியிலேயே எழுதி, சர்வதேச ஒலிம்பியாடின் ஆறு கணக்குகளில் ஐந்தைத் தீர்த்துத் தங்கப் பதக்க நிலையை எட்டவில்லையா?" என்று எதிர்த்தரப்பார் கேட்கலாம். எட்டியது உண்மையே. ஆனால் எட்டியது எப்படித் தெரிந்தது? நிறுவல் என்றால் என்ன என்பதில் கணிதத்துக்கு ஐயமற்ற வரையறை உண்டு. அதைக் கொண்டு தேர்வாளர்கள் மதிப்பிட்டனர். எந்திரத்தினுள் விதி இல்லாவிடினும் எந்திரத்துக்கு வெளியே விதி இருந்தது.

தமிழுக்கும் மராத்திக்கும் அந்த வெளி அளவுகோல் எங்கே? காரண காரிய அறிதலைச் சோதிக்கும் எக்ஸ்கோபாவில் தமிழ் உண்டு. அது ஆங்கில வினாக்களின் மொழிபெயர்ப்பு. உய்த்துணர்வைச் சோதிக்கும் இண்டிக்எக்ஸ்என்எல்ஐ-யில் தமிழும் மராத்தியும் உண்டு. அது எந்திர மொழிபெயர்ப்பு. இந்தியத் தேர்வு வினாக்களைத் தொகுத்தவை வேறு சில உண்டு. அவை பெரிதும் பாட அறிவைச் சோதிப்பவை. ஆங்கிலம் கேட்காத கேள்வியை இவற்றுள் எதுவும் கேட்பதில்லை.

ஒரு சான்று. குமுதா செல்வியிடம், "நாங்கள் நாளை லோனாவளா போகிறோம்" என்கிறாள். செல்வி போகிறாளா? இல்லை. "நாம் நாளை லோனாவளா போகிறோம்" என்றால் போகிறாள். முன்னிலையாரை உளப்படுத்துவதா, விலக்குவதா என்னும் வேறுபாடு மராத்தியில் 'ஆபண்', 'ஆம்ஹி' என நிற்கிறது. இந்தியின் 'ஹம்' இதைக் காட்டாது. ஆங்கிலத்தின் 'வீ'யும் காட்டாது. மராத்தி இதைத் திராவிடத் தொடர்பால் பெற்றது என்பது மொழியியலார் பலர் கருத்து. 'ஆபண்' மரியாதை முன்னிலையாகவும் வருவதால் வினா மேலும் கூர்மையாகிறது. இனி, "நாங்கள் போகிறோம் என்று குமுதா சொன்னதாகச் செல்வி மாலாவிடம் சொன்னாள்" என அடுக்கலாம், பெயர்களை மாற்றலாம், அடுக்கை இரண்டு, மூன்று, நான்கு என வளர்க்கலாம். ஒரே விதியிலிருந்து வரம்பற்ற வினாக்கள் பிறக்கும். ஒவ்வொன்றுக்கும் விடை உறுதி. மனப்பாடத்தால் தப்ப இயலாத தேர்வு இதுவே. இதை ஆக்கப் பெருங்கணினி வேண்டா; இலக்கணம் அறிந்தவர் வேண்டும்.

அத்தகையோரின் உழைப்பு எவ்வளவு அருகிக் கிடக்கிறது என்பதற்கு, உலகளாவிய சார்பு இலக்கணத் தொகுப்பே சாட்சி. அதில் இந்தியின் பெரிய கருவூலம் 16,000க்கும் மேற்பட்ட வாக்கியங்களைக் கொண்டது. தமிழின் டிடிபி கருவூலத்தில் 600, மராத்தியில் 466.

இலக்கணத்தின் பெயரால் பெருமை பேசும் தரப்பும் இங்கே தப்புவதற்கில்லை. ரிக் பிரிக்ஸ் 1985இல் எழுதிய கட்டுரை, சமஸ்கிருத சாத்திரகாரர்களின் வாக்கிய விளக்க முறையைச் செயற்கை நுண்ணறிவின் பொருண்மை வலைகளோடு ஒப்பிட்டது. அது "கணினிக்கு உகந்த மொழி சமஸ்கிருதமே என்று நாசா அறிவித்தது" என்று திரிந்து மேடைதோறும் உலவுகிறது. பாணினியின் மேதைமைக்கு இப்பொய் தேவையில்லை. விதி இறந்தது என்பாரும் விதியை வழிபடுவாரும் ஒரு செய்தியில் உடன்படுகின்றனர்: இருவருமே விதியைக் கொண்டு எதையும் அளப்பதில்லை.

மொழியியல் துறைகள் செய்ய வேண்டியது, கணினித் துறையிடம் இரங்கி நிற்பதோ அதனோடு மல்லுக்கு நிற்பதோ அன்று. உளப்பாட்டுப் பன்மை, எச்சத் தொடர்கள், 'என்று' அடுக்குகள், எதிர்மறையின் வீச்சு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனைத் தொகுப்பை முதுகலை மாணவர் ஒரு பருவத்தில் ஆக்கிவிட முடியும். தமிழும் மராத்தியும் அன்றாடம் உரசிக்கொள்ளும் புனே அதற்கு ஏற்ற களம். அவை கைக்கு வரும்வரை, மாதிரிகள் தமிழில் சிந்திக்கின்றன என்பாரும் சிந்திக்கவில்லை என்பாரும் ஒருங்கே ஊகிப்பவர்களே.