தேய்ந்த உறுப்பும் விளங்கும் பெயரும்

'ரிவால்வர்' என வழங்கும் சுழல்துமுக்கியின் பழுதுநீக்கத்தைத் தமிழிற் சொல்லவியலாது என்பார் உளர். இயலும் என்பதே எம் உறுதி.

1836-இல் அமெரிக்கர் சாமுவேல் கோல்ட்டு காப்புரிமை பெற்ற கருவியின் வழிவந்தவற்றை நோக்குக. சுத்தியலைப் பின்னிழுத்தால் கை எழுந்து உருளையின் பற்களை உந்தும்; உருளை ஓர் அறையளவு சுழலும்; தாழ் அதனை நிறுத்தும். கையின் நுனி தேய்ந்தால் சுழற்சி குறையும். தாழ் தேய்ந்தால் உருளை ஆடும். இவற்றால் அறை குழலுக்கு நேர்நில்லாது. குண்டு குழலின் பின்விளிம்பில் உரச, ஈயம் தெறிக்கும். தேர்ந்த கம்மியன் புதிய உறுப்பை அரத்தால் சிறிது சிறிதாய் அராவிப் பொருத்துவான்.

சுத்தியல், கை, தாழ் என்பன நாம் புனைந்தவை அல்ல. ஆங்கிலத் தொழிலாளர் இலத்தீனத்தை இரவாமல், தம் வீட்டுச் சொற்களாலேயே இட்ட பெயர்களின் நேர்பொருள்களே அவை!

துமுக்கிக்குப் பொருந்துவது எப்பொறிக்கும் பொருந்தும். நம் தொழிற்பயிலகங்களிலோ பிள்ளைகள் ஆங்கில உறுப்புப் பெயர்களைப் பொருளறியாது நெட்டுருச் செய்வதேன்? பெயர் விளங்கின் வினை விளங்கும். வினை விளங்கின் பழுது விளங்கும். தொழிற்கல்வி தூய தமிழில் வருக!